பாத்திரக் கடை மாடியில் வியாழக்கிழமைகள்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு வழியாகத் திருநெல்வேலி போகும் தனியார் பேருந்தில் நான் கண்டக்டர். பதினாறு வருஷமாக இதுதான் வேலை. நடுவில் ஒன்பது மாதம் மட்டும் பேருந்துப் பக்கமே போகாமல் இருந்தேன். கால் ஒடிந்ததா என்று கேட்டவர்கள் உண்டு, முதலாளியோடு சண்டையா என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. எனக்குப் பேருந்தைக் கண்டால் பயம் வந்துவிட்டது.

முதல் தடவை அது வந்தது ஒரு சித்திரை மாத முற்பகலில். நாலாட்டின்புத்தூரைத் தாண்டி நான்கு வழிச் சாலையில் வண்டி வேகம் பிடித்திருந்தது. பின்படிக்குப் பக்கத்தில் நின்று ஒரு அம்மாவுக்கு டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சை யாரோ உள்ளிருந்து இறுக்கிப் பிடித்தது போல இருந்தது. கைவிரல்கள் மரத்தன. வாய் உலர்ந்தது. காற்று சன்னல் சன்னலாக வந்துகொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் மூச்சுக்குக் காற்று இல்லை. செத்துப்போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தது. டிக்கெட் மிஷினை அந்த அம்மா மடியில் போட்டுவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

டிரைவர் அண்ணன் நாற்பது பயணிகளோடு வண்டியை நேராகக் கயத்தாறு அரசு மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "வாயுவா இருக்கும்" என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். ஒரு வாரம் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது வண்டி இன்னும் நிலையத்தை விட்டே கிளம்பவில்லை.

திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவரிடம் போய் இன்னும் நாலு படம் எடுத்தோம். இதயம் நன்றாக இருக்கிறது என்றார். அதைக் கேட்டு என் மனைவிக்குச் சந்தோஷம். எனக்கு வருத்தம். ஏதாவது நோய் என்று சொல்லியிருந்தால் மாத்திரை தின்று சரிசெய்யலாம். ஒன்றும் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

வைகாசியில் வேலைக்குப் போவதை நிறுத்தினேன். முதலில் பேருந்துதான் பயம். பிறகு பேருந்து நிலையம். பிறகு பேருந்து நிலையத்துக்குப் போகிற தெரு. ஆடி மாதம் வருவதற்குள் என் உலகம் வாசற்படியோடு முடிந்துபோயிற்று. எங்கள் தெருமுனையில் டவுன் பஸ் திரும்பும்போது ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தத்துக்கே உள்ளங்கை வேர்க்கும். என் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். காலையில் எட்டு மணிக்குப் போனால் மாலை ஆறு மணிக்கு வருவாள். போகும்போது எந்த நாற்காலியில் இருந்தேனோ, வரும்போதும் அதே நாற்காலியில் இருப்பேன்.

அவள்தான் ஒரு நாள் லீவு போட்டு என்னைக் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாரத்தில் ஒரு நாள் அங்கே மனநல மருத்துவர் வருகிறார் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லியிருந்தார்கள். "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டேன். "அத டாக்டர் சொல்லட்டும், நீங்களே ஏன் சொல்லுதீய?" என்றாள்.

மருத்துவர் என் வேலை என்ன என்று கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். "உங்க இதயத்துல ஒண்ணும் இல்ல. ஆபத்து வந்தா உடம்பு அடிக்க வேண்டிய பெல்லு ஒண்ணு உள்ள இருக்கு. உங்களுக்கு ஸ்டாப்பே இல்லாத இடத்துல அது அடிக்குது. அதனால நீங்க சாக மாட்டீங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் வண்டிய விட்டு இறங்கிட்டீங்கன்னா, அது மேல மேல அடிக்கும்." மாத்திரை எழுதிக் கொடுத்தார். பக்கத்து அறையில் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார், அவரையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

ஆலோசகர் என்றதும் வயதான ஒருவரை நினைத்துப் போனேன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தது. என்னிடம் அரை மணி நேரம் பேசியது. கடைசியில், "அண்ணாச்சி, வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு உங்கள மாதிரி சில பேர் கூடுறோம். வந்து சும்மா உக்காருங்க, பேசணும்னு கட்டாயம் இல்ல" என்றது.

வீட்டுக்கு வந்ததும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் முன்னால் போய் எனக்கு பஸ் என்றால் பயம் என்று ஒரு கண்டக்டர் சொல்ல முடியுமா?

"பேசணும்னு கட்டாயம் இல்லன்னுதான அந்தப் பிள்ள சொல்லிச்சு?" என்றாள் என் மனைவி. "வீட்ல பேசாம இருக்கதுக்கு அங்கன போய்ப் பேசாம இருங்க. எனக்கு ஒரு மாத்தமா இருக்கும்."

கூட்டம் நடந்தது மருத்துவமனையில் இல்லை. அங்கே வைத்தால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று பலர் வரத் தயங்கியதால், குழுவில் இருந்த ஒரு பாய் தன் தம்பியின் வாடகைப் பாத்திரக் கடை மாடியை ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை. மாடி முழுக்க ஆள் உட்காரும் அளவுக்கு அண்டாக்கள், அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டிய சிவப்புக் கம்பளம், ஒரு மூலையில் மணமக்கள் உட்காரும் சிம்மாசனம் போன்ற சோபா. அதில் யாரும் உட்காரக் கூடாது என்று பாயின் தம்பி சொல்லியிருந்தார். முதல் நாள் வேறு இடம் தெரியாமல் நான் அதில்தான் போய் உட்கார்ந்தேன்.

பாய்க்கு அறுபது வயது தாண்டியிருக்கும். கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவர். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று என்னைப் பார்த்து அவர்தான் முதலில் பேசினார்.

"தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். ரெண்டு வருஷமா எங்க வீட்டுப் பல்லியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கடைசில அதுக்கே என்னப் பாத்துச் சலிச்சுப்போயி பக்கத்து ரூமுக்குப் போயிட்டு. அப்பந்தான் நம்ம நெலம சரியில்லன்னு டாக்டர்கிட்ட போனேன்."

சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தோம். அவரே சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முகம் வலித்தது.

இன்னும் இரண்டு பேர் தவறாமல் வந்தார்கள். ஒருவர் கயத்தாறு பக்கத்துக் கிராமத்து விவசாயி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதில் முதலில் தூக்கம் போனது, பிறகு பசி போனது, பிறகு எழுந்திருக்கவே மனம் இல்லாமல் போனது என்றார். பெரிய மீசை, சின்னக் குரல். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றோம். இன்னொருவர் புதியம்புத்தூரில் பிறந்து கோவில்பட்டிக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். அவளை எல்லோரும் தங்கச்சி என்றோம். ஊரில் ரெடிமேட் கம்பெனியில் தைத்துப் பழகியவள், இங்கே வீட்டில் மிஷின் போட்டு நைட்டி தைக்கிறாள். பிள்ளைகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எந்நேரமும் பதைப்பு அவளுக்கு. ஒரு நாளைக்கு மூன்று தடவை பள்ளிக்கூட வாசலில் போய் நிற்பாள். வாட்ச்மேன் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுவிட்டாராம்.

நான் இரண்டு வாரம் பேசவில்லை. மூன்றாவது வாரம் பேச ஆரம்பித்தேன். நாலாவது வாரம் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு வருஷமாக ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை சத்தமாகப் பேசிப் பழகியவன், மூன்று மாதம் அடைத்துவைத்திருந்தேன் இல்லையா?

அந்தக் குழுவில் ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. ஒவ்வொருவரும் அடுத்த வியாழனுக்குள் செய்ய ஒரு சின்ன வேலையைத் தானே சொல்ல வேண்டும். அதற்குத் துணையாகக் குழுவில் ஒருவர் நிற்க வேண்டும். பெரிதாகச் சொன்னால் ஆலோசகர் ஒத்துக்கொள்ளாது. பாய், "கடைக்குப் போய் உக்காருதேன்" என்று சொன்னபோது, "மொதல்ல கட வாசல் வரைக்கும் போயிட்டு வாங்க பாய்" என்று பாதியாக வெட்டியது. தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு மூன்று தடவை போவதை இரண்டாக்க வேண்டும். மூன்றாவது தடவை போகத் தோன்றினால் பாய்க்குப் போன் செய்ய வேண்டும். அவர் நைட்டித் துணி ரகங்களைப் பற்றிப் பேசுவார். பேசிப் பேசி ஒரு நாள் அவர் தன் கடையிலிருந்தே அவளுக்குத் துணி அனுப்ப ஆரம்பித்தார். அந்தத் துணியை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கடைக்குள் போனவர் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். வாசல் வரைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று.

அண்ணாச்சிக்குக் காலையில் எழுந்திருப்பதுதான் பெரிய வேலை. "ஆறரை மணிக்கு யாராவது போன் போட்டு எழுப்புங்க" என்றார். அது என் தலையில் விழுந்தது. நான் போன் செய்தால் அவர் எடுத்து, "எந்திச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்வார். நாலு நாள் இப்படி ஏமாந்த பிறகு, ஐந்தாம் நாள் அலமாரியில் கிடந்த என் கண்டக்டர் விசிலை எடுத்து போனுக்குள் ஒரு ஊது ஊதினேன். அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழும் சத்தம் கேட்டது.

"என்னவே இது?" என்றார்.

"வண்டி கெளம்பப் போகுது அண்ணாச்சி. ஏறுதீயளா இல்லையா?"

"ஏறுதேன், ஏறுதேன். ஊதாதீய, பக்கத்து வீட்ல மாடு மிரளுது."

அன்றிலிருந்து தினமும் விசில்தான். ஆவணி முழுவதும் ஊதினேன். புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்தது. ஒரு நாள் ஆறரைக்கு ஊதினேன், போனை அவர் மனைவி எடுத்தார்கள். "அவிய ஆறு மணிக்கே காட்டுக்குப் போயாச்சு. வெதப்பு நடக்குது" என்றார்கள். எனக்கு அன்றைக்கு முழுவதும் கால் தரையில் நிற்கவில்லை. என் மனைவி வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். "மத்தவியள எழுப்பி விடுதீய, நீங்க எப்பம் கெளம்பப் போறீய?" என்றாள்.

இதற்கிடையில் தெருவில் எங்களைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. வாராவாரம் ஆணும் பெண்ணுமாகப் பாத்திரக் கடை மாடிக்கு ஏறிப் போகிறார்கள், ஒரு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள் என்றால் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஒரு வியாழன் கடைக்கு எதிரே இருந்த மாவு மில்காரர் மாடி ஏறி வந்து ஒரு மஞ்சள் தடவிய உறையைப் பாயிடம் நீட்டினார். உள்ளே அவர் மகனின் ஜாதகமும் போட்டோவும் இருந்தன. கல்யாணத் தகவல் மையம் என்று நினைத்துவிட்டார்.

பாய் போட்டோவை நிதானமாகப் பார்த்தார். "பையன் நல்லா இருக்கான். ஆனா ஜாதகத்த எங்கிட்ட குடுக்கீயளே, நான் எந்தப் பக்கமிருந்து வாசிக்க?" என்றார்.

ஆலோசகர் விளக்கிச் சொன்னது. மனச்சோர்வு, பதற்றம், அதிலிருந்து மீள்வதற்கான கூட்டம் என்று ஒளிக்காமல் சொன்னது. மில்காரர் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். "என் தம்பி ஒருத்தன் கடைக்கே வரமாட்டேங்குறான். அவனக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். அவர் தம்பி இப்போது எங்களில் ஒருவர். மகனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது, எங்கள் தயவில் இல்லை.

ஐப்பசியில் என் முறை வந்தது. முதல் வாரம் பேருந்து நிலையத்தில் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். துணைக்குப் பாய் வந்தார். டீக்கடையில் நின்றோம். ஹாரன் சத்தத்தில் என் கையிலிருந்த கிளாஸ் ஆடி டீ பாதி கீழே போனது. "பரவால்ல, மீதிப் பாதிய குடிங்க" என்றார். அடுத்த வாரம் நின்றுகொண்டிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு இறங்கினேன். அதற்கடுத்த வாரம் ஒரே ஒரு நிறுத்தம் வரை போய் இறங்கி, அங்கிருந்து இருவரும் நடந்தே திரும்பினோம். பாய்க்கு மூட்டு வலி. வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வீட்டில் அத்தனை மாதமாக எல்லோரும் என்னிடம் பார்த்துப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, கயத்தாறு வரைக்கும் போகிறேன் என்று நானே சொன்னேன். ஆலோசகர் வெட்டவில்லை. "யாரு துணைக்குப் போறீங்க?" என்று கேட்டதும் பாய், தங்கச்சி, அண்ணாச்சி மூவரும் கை தூக்கினார்கள். அப்படியானால் நானும் வருகிறேன் என்றது அந்தப் பெண்.

என் பழைய வண்டியே வந்தது. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"ஏலே, வேலைக்கா வார?"

"இல்லண்ணே. பயணியா வாரேன்."

"பயணின்னா ஏறி உக்காரு, ஏன் படிலயே நிக்க?" என்றார். நான் பழக்கத்தில் பின்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

நடுவில் ஒரு இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பாய். முன்னால் தங்கச்சியும் ஆலோசகரும். சன்னலோரம் அண்ணாச்சி. புதுக் கண்டக்டர் வந்து ஐந்து டிக்கெட் அடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் போல நாங்கள் ஐந்து பேரும் முறைப்பாக உட்கார்ந்திருந்தோம்.

நாலாட்டின்புத்தூர் வரை ஒன்றும் இல்லை. அதைத் தாண்டியதும், பழைய இடத்திலேயே, வந்துவிட்டது. விரல் மரத்தது. நெஞ்சு இறுகியது. "வருது" என்று பாயிடம் சொன்னேன்.

ஒன்றுமில்லை என்று யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்பதைக் குழுவில் பேசி வைத்திருந்தோம். அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஆலோசகர் திரும்பி, "அண்ணாச்சி, வெளிய என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றது. நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. சன்னலோரம் இருந்த விவசாயி அண்ணாச்சி, தன்னைத்தான் கேட்டது என்று நினைத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இது மக்காச்சோளம். படப்புழு கொஞ்சம் விழுந்திருக்கு. இங்கிட்டு பருத்தி. அது கம்பு. அந்தா தெரியுதே, அது பாசிப்பயறு."

பின் இருக்கையிலிருந்து ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்தார். "பாசியா? அது உளுந்துல்லா?"

"பாசி" என்றார் அண்ணாச்சி.

"நான் அறுவது வருசமா காட்டு வேல பாக்கேன். உளுந்துக்கும் பாசிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதாக்கும்?"

வண்டி அந்தக் காட்டைத் தாண்டிப் போய்விட்டது. சண்டை போகவில்லை. அடுத்த காட்டை வைத்துத் தொடர்ந்தது. இடது பக்கம் இருந்தவர்கள் பாசி என்றார்கள், வலது பக்கம் உளுந்து என்றார்கள். ஒரு கல்லூரிப் பெண் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "நிறுத்தவா, எறங்கிப் பாத்துட்டு வாரீயளா?" என்று கேட்டார். பெரியம்மா ஏதோ தெலுங்கில் முணுமுணுத்தார். அண்ணாச்சிக்கு மீசை துடித்தது. அவரும் தெலுங்குக்கு மாறினார். பிறகு இருவரும் மூச்சுவிடாமல் பேசினார்கள். கடைசியில் இருவரும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டார்கள். யார் ஜெயித்தது என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை.

அப்போது பாய் என் கையைப் பார்த்தார். "தம்பி, வந்தது எங்க?" என்று கேட்டார். நான் தேடிப் பார்த்தேன். நெஞ்சில் கொஞ்சம் படபடப்பு இருந்தது, அவ்வளவுதான். எந்த இடத்தில் இறங்கிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

கயத்தாறுக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணாச்சி எழுந்து நின்று சன்னலைக் காட்டினார். "அந்தா பாருங்க, வேப்பமரத்துக்கு அங்கிட்டு. அது நம்ம காடு." கறுப்பு மண்ணில் பச்சைப் பசேலென்று வரிசை பிடித்திருந்தது. பெரியம்மா எட்டிப் பார்த்து, "உளுந்து நல்லா வந்திருக்கு" என்றார். அதை அண்ணாச்சி மறுக்கவில்லை.

அதன் பிறகுதான் பெரியம்மா கேட்டார்: "நீங்கள்லாம் யாரு? ஒரு குடும்பமாவும் தெரியல. எங்க போறீய?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. கயத்தாறில் ஒரு விசேஷம் என்று சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். தங்கச்சி முந்திக்கொண்டாள். எந்நேரமும் பயந்துகொண்டே இருக்கிற அந்தப் பெண் ஒரு வண்டி நிறைய ஆளுக்கு நடுவில் நிதானமாகச் சொன்னாள்.

"இந்த அண்ணன் கண்டக்டர். பஸ்ல ஏறுனா நெஞ்சடைக்குற மாதிரி ஒரு பயம் இவியளுக்கு. எனக்கு வேற மாதிரி பயம். நாங்கள்லாம் டாக்டர்ட்ட காட்டி, ஒண்ணாக் கூடிச் சரிபண்ணிக்கிட்டு இருக்கோம். இன்னைக்கு இவியள பஸ்ல கூட்டிட்டுப் போறோம்."

யாராவது சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. எதிர் இருக்கையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண், "எனக்குக் குழந்த பெறந்ததுலேர்ந்து அழுகையா வருதுக்கா. இத யார்ட்ட சொல்லணும்?" என்று தங்கச்சியிடம் கேட்டாள். ஆலோசகர் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கயத்தாறில் நாங்கள் இறங்கும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கயத்தாறில் டீயும் வடையும் சாப்பிட்டோம். டிரைவர் அண்ணன் வண்டியைக் கிளப்புவதற்கு முன் என்னிடம் வந்தார். "நீ போனப்புறம் ஆறு பேரு மாறிட்டானுவ. ஒருத்தன் விசில் அடிச்சா நிக்கச் சொல்லுதானா போகச் சொல்லுதானான்னே தெரியல. சீக்கிரம் வா" என்றார்.

சீக்கிரம் வந்துவிடவில்லை. அடுத்த வாரமே தனியாக ஏறப் போய், படியில் காலை வைத்ததும் திரும்பி வந்துவிட்டேன். மூன்று நாள் மறுபடியும் நாற்காலி. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். வியாழக்கிழமை போய் அதைச் சொன்னபோது பாய், "நானும் இந்த வாரம் ரெண்டு நாள் கடைக்குப் போகல. பல்லி எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்தேன்" என்றார். அதற்கு மேல் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் ஒரு நிறுத்தத்திலிருந்து தொடங்கினேன். மாசி மாதம் முதலில் அரை நாள் வேலை, பங்குனியில் முழு நாள். மாத்திரையை மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இப்போதும் எப்போதாவது வரும். வந்தால் பின்சீட்டில் யாரிடமாவது பேச்சுக் கொடுப்பேன். அது போகும்வரை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்குச் சரியான பிறகு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சித்திரையில் ஆலோசகர் ஒரு வியாழனைக் குடும்பத்தாருக்கு என்று வைத்தது. வீட்டில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் வர வேண்டும். அண்ணாச்சியின் மனைவி வந்தார்கள், பாயின் மகன் வந்தார். என் மனைவி தீப்பெட்டி ஆபீஸில் அரை நாள் சொல்லிவிட்டு வந்தாள். அவள் என்ன பேசப் போகிறாள், ஏதாவது கேலி செய்வாள் என்று நான் சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன்.

அவள் கேலி செய்யவில்லை. "இவிய வீட்ல இருந்த காலத்துல, நான் வேல முடிஞ்சு நேரா வீட்டுக்கு வரமாட்டேன்" என்று தொடங்கினாள். "ஆபீஸ் கேட்டுக்கிட்ட ஒரு கல்லு கெடக்கு. அதுல உக்காந்து பத்து நிமிஷம் அழுதுட்டு, குழாய்ல மொகத்தக் கழுவிட்டுத்தான் வருவேன். வீட்ல வந்து சிரிக்கணும்லா. இவிய உயிரோட நாற்காலில இருக்காவளான்னு பாக்கிற வரைக்கும் எனக்குக் கைகால் ஓடாது."

ஒன்பது மாதமும் அவள் முகத்தில் தினமும் ஈரம் இருந்தது எனக்குத் தெரியும். வெயிலில் நடந்து வருவதால் என்று நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை. அவள் அரை மணி நேரம் பேசினாள். யாரும் குறுக்கே பேசவில்லை. தங்கச்சி எழுந்துபோய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அண்ணாச்சியின் மனைவி, "நான் தொழுவத்துல போய் அழுவேன். மாடு யார்ட்டயும் சொல்லாதுல்லா" என்றார்கள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சட்டென்று இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

இறங்கி வீட்டுக்கு நடந்தோம். வெயில் தாழ்ந்திருந்தது. "ஏட்டி, எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு பேருமா அழுதுகிட்டு இருந்திருப்போம். யாரு சோறு பொங்குறது?" என்றாள். பிறகு, "அடுத்த வியாழனும் நான் வாரேன்" என்றாள்.

"குடும்பத்தாருக்கு இந்த ஒரு வாரந்தான."

"இருக்கட்டும். அந்தத் தங்கச்சிக்கிட்ட ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்கணும். அந்தத் தொழுவத்து அக்காகிட்டயும் பேச்சு பாதில நிக்குது" என்று சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டு டவுன் பஸ் திரும்பியது. அவள் கையைக் காட்டி அதை நிறுத்திவிட்டு, சாலையைக் கடந்து போனாள்.